பழைய தெருவில் வீடு வாங்குவதென்றால் குடியிருக்க வாங்குங்கள்

நகரத்தின் நடுவில், நூறு இருநூறு வருடப் பழமையுள்ள தெருவில் ஒரு வீடு வாங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் என்னைச் சுற்றி நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு. அதனால்தான் பல வருடங்களாக இதைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கிறேன். நண்பர்கள் வீடு பார்க்கப் போனால் கூடவே போகிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்படிப்பட்ட இடத்தில் வீடு வாங்குவதென்றால் அதில் குடியிருக்க வாங்குங்கள். வாங்கிய பிறகு செப்பனிடக் கையில் பணம் மிச்சமிருந்தால் மட்டும் வாங்குங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும், எவ்வளவு வசதி இருந்தாலும் சரி, விட்டுவிடுங்கள்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், இந்த வகை வீட்டுக்குக் கொடுக்கும் விலையில் பெரும்பங்கு மனைக்கும் தெருவுக்கும் போகிறது. எல்லாம் நடக்கிற தூரத்தில் இருக்கிறது, தெரு பார்க்க அழகு, இனிமேல் இப்படி ஒன்றை யாராலும் கட்ட முடியாது. விலை இதற்குத்தான். செங்கல்லுக்கும் மரத்துக்கும் அதில் சேர்வது சொற்பம். நீங்கள் எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் ஒரு காசுகூட ஒழுகும் கூரைக்குப் போய்ச் சேராது. அத்தனையும் விற்றவர் கைக்குப் போய்விடும். பத்திரம் பதிந்த மறுநாளும் வீடு முந்தைய நாள் இருந்த நிலையில்தான் இருக்கும். விலை அதிகம் என்பதால் வீடும் திடமாக இருக்கும் என்று நம்பி, கையிருப்பு, கடன் எல்லாவற்றையும் விலையிலேயே கரைத்துவிட்டு, முதல் மழைக்கே திண்டாடிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு நண்பருடன் அப்படி ஒரு வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். உள்ளே போனதும் புதுப் பெயிண்ட் வாசனை. கூடத்துச் சுவர் பளிச்சென்று இருந்தது. ஆனால் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரைக்கும் பெயிண்ட் லேசாக உப்பியிருந்தது. விரலால் தொட்டதும் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அடியில் வெள்ளை வெளேரென்று உப்பு பூத்திருந்தது. விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால், ஓர் இடத்தில் கெட்டியாகக் கேட்ட சத்தம் அடுத்த இடத்தில் பொக்கென்று கேட்டது. பூச்சு செங்கல்லை விட்டு விலகிவிட்டது என்று அர்த்தம். கூட வந்த தரகர், "பழைய வீடுன்னா கொஞ்சம் ஓதம் இருக்கத்தான் செய்யும், சிமெண்ட் பூசிட்டா சரியாப் போயிடும்" என்றார். ஏற்கெனவே யாரோ சிமெண்ட் பூசியதால்தான் அந்தச் சுவர் அப்படி ஆகியிருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய வீடுகள் அதிகம் பாழாவது இந்த ஒரு விஷயத்தில்தான். போர்ட்லண்ட் சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியது 1824இல். அது சாதாரண வீடுகள் வரை வந்து சேர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. அதற்கு முன்பு கட்டிய செங்கல் சுவர்கள் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தில் எழுந்தவை. அவற்றின் அடியில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது. மண்ணிலிருந்து ஈரம் மேலே ஏறும், சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும், காற்று உலர்த்திவிடும். அந்தச் சுவர் இத்தனை காலம் நின்றதே இப்படித்தான். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறுகிறது. ஈரத்தோடு வரும் உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகிச் செங்கல்லின் முகத்தைப் பெயர்த்துத் தள்ளுகிறது. போதாததற்குச் சிமெண்ட் அந்தக் காலத்துச் செங்கல்லைவிடக் கெட்டி. கட்டிடம் கொஞ்சம் அசைந்தால் விரிசல் இணைப்பில் விழாமல் செங்கல்லில் விழும். இணைப்பை மறுபடி பூசிக்கொள்ளலாம், உடைந்த செங்கல்லை என்ன செய்வது?

மரத்துக்கும் இதே கதைதான். உத்திரத்தின் நடுப்பகுதி பார்க்கக் கம்பீரமாக இருக்கும். சுவருக்குள் செருகியிருக்கும் முனையைப் பாருங்கள். சுவர் ஈரமாக இருந்தால் முதலில் உளுத்துப்போவது அந்த முனைதான். ஒரு ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினால் நல்ல மரம் எதிர்த்து நிற்கும். கெட்ட மரத்தில் வெண்ணெயில் போவது போல உள்ளே போகும். இதைச் செய்து பார்க்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால், அங்கேயே உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

மற்றவை எல்லாருக்கும் தெரிந்தவைதான்: பழைய ஒயரிங், ஈயக் குழாய், ஈயம் கலந்த பெயிண்ட், எங்காவது ஒட்டியிருக்கும் ஆஸ்பெஸ்டாஸ். பணம் இருந்தால் இவற்றை மாற்றிவிடலாம். அஸ்திவாரம் அப்படியில்லை. ஆம்ஸ்டர்டாமின் 17ஆம் நூற்றாண்டுக் கால்வாய்ப் பகுதி 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கே பழைய வீடுகள் சேற்று மண்ணில் இறக்கிய மரக் கம்பங்களின் மேல் நிற்கின்றன. அங்குள்ள அரச மாளிகைக்கு அடியில் மட்டும் 13,659 கம்பங்கள். கம்பம் நீரில் மூழ்கியிருக்கும் வரை எளிதில் அழுகாது. நிலத்தடி நீர் இறங்கிக் காற்றுப் பட்டால் அழுக ஆரம்பிக்கும். அதனால் அங்கே விவரம் தெரிந்தவர்கள் கூடத்தின் அழகைப் பார்ப்பதற்கு முன்பே அஸ்திவார அறிக்கையைக் கேட்கிறார்கள். எந்த ஊரில் வாங்கினாலும் அந்த ஊர் மண்ணுக்கு இப்படி ஒரு குணம் இருக்கும். அதைத் தெரிந்துகொள்ள, வாங்குகிறவர் தன் செலவில், விற்பவரோடும் தரகரோடும் சம்பந்தமில்லாத, பழைய கட்டிடங்களில் வேலை பார்த்த பொறியாளர் ஒருவரை வைத்துக்கொள்ள வேண்டும். புதுக் கட்டிடம் மட்டுமே கட்டியவர் இதற்கு உதவமாட்டார்.

அப்புறம், பழைய கட்டிடங்களின் தோற்றத்தை இஷ்டத்துக்கு மாற்றவிடாத சட்டம். "என் காசில் வாங்கின வீடு, ஜன்னலை மாற்ற நான் யாரைக் கேட்க வேண்டும்?" என்று கோபப்படுகிறவர்களை எனக்குத் தெரியும். நான் அந்தச் சட்டங்களின் பக்கம்தான் நிற்கிறேன். நியூயார்க்கில் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963இல் இடிக்க ஆரம்பித்தபோது எழுந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் 1965இல் அடையாளச் சின்னங்களைக் காக்கும் சட்டம் வந்தது. அதே வருடம் புரூக்ளின் ஹைட்ஸ் அந்நகரின் முதல் பாரம்பரியப் பகுதியானது. இன்று அங்கே தெருவைப் பார்த்த முகப்பில் கை வைக்க வேண்டுமென்றால் அனுமதி வாங்க வேண்டும். சிங்கப்பூரில் 1989இல் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் போன்றவை பாதுகாப்புப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. இப்போது 7,000க்கும் மேற்பட்ட கட்டிடங்கள் அந்தப் பாதுகாப்பில் இருக்கின்றன. எதிர்வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் தங்கள் முகப்பைச் சிதைக்காமல் விட்டதால்தான் நீங்கள் வாங்கும் வீட்டுக்கு அந்த மதிப்பு வந்தது. அவர்கள் காத்த கட்டுப்பாட்டின் பலனை விலையாகக் கொடுத்து வாங்கிவிட்டு, தனக்கு மட்டும் விலக்கு கேட்பது நியாயமாகப் படவில்லை.

ஆனால் சட்டம் வாங்குகிறவர் கழுத்தில் சுருக்காக விழுவதும் உண்டு, அதற்குத் தயாராக இருங்கள். இங்கிலாந்தில் பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டிடத்தை அனுமதியில்லாமல் மாற்றினால் அது கிரிமினல் குற்றம். பழைய உரிமையாளர் திருட்டுத்தனமாக ஒரு சுவரை இடித்திருந்தால் வழக்கு அவர் மேல்தான். ஆனாலும் அதைப் பழையபடி ஆக்கு என்ற உத்தரவு இன்றைய உரிமையாளருக்கு வரலாம். அதற்குக் காலக்கெடுவும் கிடையாது. லண்டன் நடுப்பகுதியில் இன்னொரு சிக்கல். அங்கே பல வீடுகளில் கைமாறுவது குறிப்பிட்ட வருடங்களுக்கான குத்தகைதான். அதில் எத்தனை வருடம் மிச்சம் என்பதை வைத்துத்தான் மதிப்பே. 80 வருடத்துக்குக் கீழே போனால் குத்தகையை நீட்டிக்கும் செலவு சட்டென்று கூடும்படி நீண்ட காலமாக விதி இருந்து வந்திருக்கிறது. அதை மாற்றத்தான் 2024இல் புதுச் சட்டம் நிறைவேற்றினார்கள். ஆக, என்ன வாங்குகிறோம் என்பதையே முதலில் கேட்க வேண்டும். மண்ணோடு சேர்த்தா, கட்டிடம் மட்டுமா, குறிப்பிட்ட வருடங்களுக்கா? பொதுச்சுவரும் கூரையும் யார் பொறுப்பு? இதுவரை நடந்த மாற்றங்களுக்கெல்லாம் அனுமதிக் காகிதம் இருக்கிறதா? வாய்வார்த்தையாக "எல்லாம் சரியாக இருக்கு" என்று சொன்னால் போதாது.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். வெனிஸ் நகரின் பழைய பகுதியில் 1951இல் ஒன்றே முக்கால் லட்சம் பேர் வாழ்ந்தார்கள். 2022இல் அந்த எண்ணிக்கை 50,000க்கும் கீழே இறங்கிவிட்டது. கட்டிடங்கள் அப்படியே இருக்கின்றன, ஜன்னல்கூட மாறவில்லை. குடியிருப்பவர்கள் போய்விட்டார்கள். வருடத்தில் சில வாரம் வந்து தங்குவதற்கும், நாள் வாடகைக்கு விடுவதற்கும் வீடுகள் போய்விட்டால், தெருவில் செருப்புத் தைப்பவரும் மருந்துக் கடையும் பள்ளிக்கூடமும் எதை நம்பி இருப்பார்கள்? ஆளில்லாத வீட்டில் ஓடு நகர்ந்தால் பார்ப்பதற்குக்கூட ஆளிருக்காது. குடியிருக்கிறவர் அன்று ராத்திரியே பாத்திரம் வைத்து, மறுநாளே கூரையில் ஏறுவார். ஆளில்லாத வீட்டில் அந்த ஒழுகல் மாதக்கணக்கில் உத்திரத்தைத் தின்னும்.

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் நடந்ததும் என் மனதை விட்டுப் போவதில்லை. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் பழைய கடைவீடுகளில் தலைமுறைகளாகக் குடும்பங்கள் வாழ்ந்தன, கைத்தொழில்கள் பிழைத்தன. 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் அந்தக் கட்டுப்பாடு விலகியது, வாடகை எகிறியது, பலர் காலி செய்துகொண்டு போனார்கள். 2008இல் யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தபோது, எந்த வாழ்க்கைக்காக அந்த ஊர் கொண்டாடப்பட்டதோ அதை வாழ்ந்தவர்களில் பலர் அங்கே இல்லை. கட்டுப்பாடு இருந்த காலத்தில் சொற்ப வாடகையால் உரிமையாளர்கள் பழுது பார்க்காமல் விட்டதும் உண்மை; அதை மறைக்க மாட்டேன். ஆனால் கதவைத் திறந்துவிட்டதற்கு விலை கொடுத்தவர்கள் வாடகைதாரர்கள்.

அதனால் எனக்கு ஒரு விஷயத்தில் சமரசம் கிடையாது. "காலியாக ஒப்படைக்கப்படும்" என்று விளம்பரத்தில் இருந்தால், காலி செய்தது யார், எப்படிப் போனார்கள் என்று கேளுங்கள். மிரட்டியோ தண்ணீரை நிறுத்தியோ ஒரு குடும்பத்தைக் கிளப்பிய வீடு என்று தெரிந்தால் வாங்காதீர்கள். ஏற்கெனவே குடியிருப்பவர்களோடு விற்றால், அவர்களோடு உட்கார்ந்து பேசி, எழுத்தில் உடன்பாடு செய்துகொண்ட பிறகு முன்பணம் கொடுங்கள்.

"பணக்காரர்கள் வாங்கினால்தானே பழைய வீடு பிழைக்கும்?" என்று கேட்பார்கள். ஓரளவு சரிதான். பாரிஸின் மாரே பகுதி 20ஆம் நூற்றாண்டின் நடுவில் நெரிசலும் சிதைவுமாக இருந்தது. பழைய பகுதிகளைக் காக்க 1962இல் வந்த மால்ரோ சட்டமும் அதன் பின் வந்த பணமும் அங்கிருந்த பழைய மாளிகைகளைக் காப்பாற்றின. கூடவே அங்கிருந்த பட்டறைக்காரர்களும் எளிய குடும்பங்களும் பெரும்பாலும் வெளியேறினார்கள். லண்டனில் இதே போக்கைச் சமூகவியலாளர் ரூத் கிளாஸ் 1964இலேயே பதிவு செய்துவிட்டார். பணம் வரட்டும், அதோடு குடியிருக்கும் ஆளும் வரவேண்டும் என்கிறேன். அதைச் சட்டத்தாலும் கேட்கலாம். ஆம்ஸ்டர்டாமில், குறிப்பிட்ட மதிப்புக்குக் கீழே உள்ள வீட்டை வாங்குகிறவர் முதல் 4 வருடங்களுக்குப் பொதுவாக அதை வாடகைக்கு விட முடியாது என்று 2022இல் விதி கொண்டுவந்தார்கள். அந்த விதி விலை உயர்ந்த வீடுகளைத் தொடவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

வாங்குவது என்று முடிவெடுத்துவிட்டவர்களுக்கு: முடிந்தால் முதலில் அதே தெருவில் வாடகைக்கு இருந்து பாருங்கள், ஒரு மழைக்காலம் முழுக்க. எந்தச் சுவர் எத்தனை நாளில் உலர்கிறது, இரவில் தெரு எப்படி இருக்கிறது, நாற்காலியைக் கூடப் பிரித்துத்தான் ஏற்ற வேண்டிய படிக்கட்டில் வயதானவர்கள் எப்படி ஏறுகிறார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். காப்பீடு எடுக்கும்போது சந்தை விலையைப் பார்க்காமல், அதே சுண்ணாம்பிலும் மரத்திலும் திரும்பக் கட்ட ஆகும் செலவைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரையும் பழைய மூட்டுகளைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த தச்சரையும் விலை பேசும் முன்பே தேடிப் பிடியுங்கள். அப்படிப்பட்டவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்கள் கேட்கும் கூலியைப் பேரம் பேசிக் குறைக்காதீர்கள். வீட்டை அவர்களுக்குக் காட்டி, என்ன செலவாகும் என்று கேட்டு, அந்தத் தொகையைத் தனியாக எடுத்து வைத்த பிறகு மிச்சம் இருக்கும் பணத்தில் அந்த வீடு கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்கவில்லையென்றால் அதே தெருவில் வாடகைக்கே இருங்கள்.