"நிதி இல்லை" என்றால், எந்தத் தலைப்பில் இல்லை?

அரசுப் பள்ளியில் இடம் போதவில்லை என்று ஊர்க்கூட்டத்தில் யாராவது பேச்செடுத்தால் பத்து நிமிடத்தில் அது வாய்ச்சண்டையாக மாறிவிடும். "2022-ல் சொத்துவரியை 25 முதல் 150 விழுக்காடு வரை ஏற்றினீர்களே, அதில் கட்டுங்கள்" என்று ஒரு குரல். "பள்ளிக்கூடம் கல்வித்துறை சமாசாரம், நகராட்சியை ஏன் இழுக்கிறீர்கள்?" என்று எதிர்க்குரல். கடைசியில் அதிகாரி "நிதி இல்லை" என்பார். கூட்டம் கலைந்துவிடும். "எந்தத் தலைப்பில் இல்லை?" என்று அவரைத் திருப்பிக் கேட்க ஆள் இருப்பதில்லை. பள்ளிக்கு வரும் பணம் ஐந்தாறு கணக்குகளிலிருந்து வருகிறது, ஒன்றின் பணத்தை இன்னொன்றின் வேலைக்குத் தொட முடியாது. கணக்குத் தலைப்பு தெரியாமல் கேட்டால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். நெரிசலான அரசுப் பள்ளிக்கு உள்ளாட்சியும் கைகொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. அதை எந்தக் கணக்கில் கேட்பது என்று பார்ப்போம்.

முதலில் கட்டடம் யாருடையது என்று பாருங்கள். ஊராட்சி ஒன்றியத் தொடக்க, நடுநிலைப் பள்ளி என்றால் கட்டடப் பராமரிப்பு ஒன்றியத்தின் பொறுப்பு, வட்டார வளர்ச்சி அலுவலரிடம்தான் போக வேண்டும். ஆசிரியர் சம்பளம் கல்வித்துறையிலிருந்து வருகிறது. புறநகரில் இது இன்னும் குழம்பும். ஊராட்சி மாநகராட்சியோடு இணைந்துவிடும், வரியும் மாநகராட்சிக்கே போகும், பள்ளி மட்டும் பழைய கணக்கிலேயே கிடக்கும். சென்னை 2011-ல் 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. விரிந்த பகுதிப் பள்ளிகள் மாநகராட்சியின் கைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. அதுவரை இரண்டு பக்கமும் மற்றவரைக் கைகாட்ட வசதியாக இருந்தது.

நகர்ப்புறத்தில் இருப்பவர்கள் அதிகம் கவனிக்காதது கல்வி வரி. நகராட்சி, மாநகராட்சிச் சொத்துவரிக்குள் அது ஒரு கூறு. பணம் கல்வி நிதி என்ற தனிக் கணக்கில் சேர வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: போன ஆண்டு கல்வி நிதியில் எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு செலவானது, ஆண்டிறுதி இருப்பு என்ன? வாயால் கேட்டால் பதில் வராது, தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். நூலக வரியை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ரூபாய்க்குப் பத்து பைசாவான அந்தப் பணம் நூலக ஆணைக்குழுவுக்குப் போவது, வகுப்பறைக்கு அதிலிருந்து ஒரு செங்கல்கூட வராது.

அடுத்து, மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து பணம் போடும் பள்ளிக்கல்வித் திட்டமான சமக்ர சிக்‌ஷாவின் பள்ளி மானியம். சுண்ணக்கட்டி முதல் குழாய் பழுதுவரை தலைமையாசிரியர் சமாளிப்பது இதில்தான். 31 முதல் 100 மாணவர் வரை 25,000 ரூபாய், 250 வரை 50,000, அதற்குமேல் 1,000 வரை 75,000, ஆயிரத்தைத் தாண்டினால் ஒரு லட்சம். வகுத்துப் பாருங்கள். 260 பேர் படிக்கும் பள்ளியில் தலைக்கு 288 ரூபாய். 1,000 பேர் படிக்கும் பள்ளியில் 75 ரூபாய். கூட்டம் ஏற ஏறத் தலைக்குக் கிடைப்பது தேய்கிறது. ஆனால் கழிப்பறை பாழாவதும் தண்ணீர்த் தொட்டி காலியாவதும் அந்தப் பெரிய பள்ளியில்தான் அதிகம். நெரிசல் பள்ளிக்கு உள்ளாட்சி கைகொடுக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இந்த அடுக்குமுறை. போதாததற்கு, தமிழ்நாட்டுக்கு 2024-25-ல் வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை, பி.எம்.ஸ்ரீ என்ற தன் பள்ளித் திட்டத்தில் மாநிலம் சேருவது பற்றிய தகராறில் மத்திய அரசு நிறுத்திவைத்தது. இந்தத் திட்டத்தை நம்பியிருக்கும் எல்லாச் செலவுக்கும் அது அடி.

ஆசிரியர் கணக்கு தனி வில்லங்கம். கல்வி உரிமைச் சட்டப்படி, ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பள்ளியில் 121 முதல் 200 பிள்ளைகள் வரை ஐந்து ஆசிரியர்கள், 150-ஐத் தாண்டினால் கூடுதலாக ஒரு தலைமையாசிரியர். இந்தக் கணக்கு பள்ளி முழுமைக்குமானது. ஒன்றாம் வகுப்பில் 62, இரண்டில் 50, மூன்றில் 40, நான்கில் 28, ஐந்தில் 20 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 200. காகிதத்தில் எல்லாம் சரி, ஒன்றாம் வகுப்பு டீச்சர் மட்டும் 62 பேரோடு மல்லுக்கட்டுவார். 20-க்கு 20 அடி அறையில் 62 பேர் என்றால் ஆளுக்கு ஆறரை சதுர அடிகூடத் தேறாது. பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவு செய்யும் பணியாளர் நிர்ணயம் ஆகஸ்ட் 1 நிலவரப்படி நடக்கிறது. அதற்குப் பிறகு சேரும் பிள்ளை அந்த ஆண்டுக் கணக்கில் ஏறாது. திருப்பூர், ஓசூர் போல ஆண்டு முழுக்கக் குடும்பங்கள் வந்து இறங்கும் ஊர்களை இந்த ஒரு தேதி படுத்தும் பாடு கொஞ்சமல்ல. எனவே சேர்க்கை விளம்பரமெல்லாம் ஜூலைக்குள் முடிய வேண்டும், எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் மாணவர் பதிவும் அதற்குள் ஏற வேண்டும்.

"பள்ளி மேலாண்மைக் குழுவே தற்காலிக ஆசிரியரைப் போட்டுக்கொள்ளலாமே" என்கிறார்கள். போடலாம், இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 12,000, பட்டதாரிக்கு 15,000 ரூபாய். ஆனால் அனுமதிக்கப்பட்ட பணியிடம் காலியாக இருந்தால் மட்டும். பிள்ளைகள் அதிகம் என்பதற்காக அல்ல. மத்திய நிதிக்குழுவின் பரிந்துரைப்படி ஊராட்சிக்கு வரும் மானியத்திலும் சம்பளம் தர வழியில்லை. 15-ஆவது நிதிக்குழு அதைத் தெளிவாக விலக்கியே வைத்தது. ஆனால் அந்த மானியத்தின் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று ஒதுக்கப்பட்டது. பள்ளிக் கழிப்பறையையும் ஆழ்துளைக் கிணற்றையும் அந்த வகையில் கேட்பதுதான் புத்திசாலித்தனம். தூய்மைப் பள்ளி வழிகாட்டுதல் 40 பேருக்கு ஒரு கழிப்பறைத் தொகுதி என்கிறது. பெண் பிள்ளைகளின் எண்ணிக்கையை 40-ஆல் வகுத்து மனுவில் எழுதுங்கள்.

நமக்கு நாமே திட்டத்தில் எனக்கு உடன்பாடு குறைவு. அதில் வேலைச் செலவின் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர வேண்டும். பத்து லட்சம் ரூபாய் வேலைக்கு மூன்றேகால் லட்சத்துக்கு மேல். நெரிசல் பள்ளிகளில் படிப்பது பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். அவர்களிடம் வசூலிப்பதா? ஊரில் ஆலையோ கம்பெனியோ இருந்தால் அவர்களிடம் கேட்க இது உதவும், அவ்வளவே.

பழைய கட்டடத்தை இடிப்பதில்தான் ஊர்கள் ஏமாறுகின்றன. 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு பழுதான கட்டடங்களை மாநிலம் முழுக்க இடித்தார்கள். இடித்தது சரி. மாற்று அறை எழ நாளானது, பிள்ளைகள் மரத்தடிக்கும் சமுதாயக் கூடத்துக்கும் போனார்கள். அரசுப் பள்ளிக் கட்டடங்களுக்கான பேராசிரியர் அன்பழகன் திட்டத்தில் ஐந்தாண்டுக்கு 7,000 கோடி ரூபாய், 18,000 வகுப்பறைகள் என்று 2022-ல் அறிவித்தது இதற்குத்தான், ஆனால் வரிசை நீளம். இடிப்பு ஆணையோடு புதுக் கட்டடத்தின் மதிப்பீடும் நிர்வாக அனுமதியும் ஒரே கோப்பில் வருகிறதா என்று பாருங்கள். தனித்தனியாக வந்தால் பள்ளிக்கு நடுவில் காலி மனைதான் மிஞ்சும்.

மனுவைப் பொறுத்தவரை, "கூடுதல் வகுப்பறை வேண்டும்" என்ற ஒற்றை வரித் தீர்மானத்துக்கு மதிப்பில்லை. பள்ளியின் அடையாள எண்ணான யுடைஸ் எண், பிரிவுவாரியாக மாணவர் எண்ணிக்கை, பயன்பாட்டில் உள்ள அறைகளின் நீள அகலம், நிலம் யார் பெயரில் என்று காட்டும் அ-பதிவேட்டு நகல், மேலாண்மைக் குழுத் தீர்மானம் எல்லாம் இருக்க வேண்டும். நிலத்தில் வில்லங்கம் இருந்தால் பணம் ஒதுக்கியும் ஒப்பந்தப்புள்ளி கோர முடியாது. லே-அவுட் பூங்கா இடத்தில் கட்டலாம் என்று சிலர் கிளம்புவார்கள், அது பொதுத் திறந்தவெளி, வழக்கு வந்தால் நிற்காது. எம்.எல்.ஏ. தொகுதி நிதி ஆண்டுக்கு மூன்று கோடி ரூபாய், ஒரு தொகுதி முழுமைக்கும். அதில் இரண்டு அறை கேளுங்கள், நுழைவாயில் வளைவு கட்டித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அக்டோபர் 2 கிராம சபைக்குப் போகிறவர்கள் ஆகஸ்ட் 1 எண்ணிக்கைத் தாளையும் எடுத்துப் போங்கள். நகரத்தில் இருப்பவர்களுக்குக் கிராம சபை போலப் பகுதி சபை இருக்கிறது. அங்கே முதல் கேள்வி, கல்வி நிதி இருப்பு எவ்வளவு?