ஏன் சார் முப்பது லட்சத்துக்கு வீடு கட்டக் கூடாது?

கல்யாணப் பந்தியிலும் கேட்கிறார்கள், முடிவெட்டும் கடையிலும் கேட்கிறார்கள். "ஏன் சார், சாதாரண ஜனங்கள் வாங்குகிற மாதிரி முப்பது லட்சத்துக்கு நீங்களெல்லாம் வீடு கட்டக் கூடாதா?" கேட்டுவிட்டு, மீதிப் பணம் என் சட்டைப் பையில்தான் இருப்பது போல ஒரு பார்வை வேறு. அடுக்குமாடி வீடு கட்டி விற்கிற நான் பதினெட்டு வருடமாகச் சிரித்து மழுப்பி வந்தேன். இன்று என் கட்டட அனுமதிக் கோப்பு மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருக்கிறது. சிரிப்பு வரவில்லை.

கணக்கைக் கேளுங்கள். தாம்பரத்துக்குக் கிழக்கே மூன்று கிரவுண்டு மனை. 7,200 சதுர அடி. சதுர அடி 7,000 ரூபாய் என்று வாங்கினேன். ஆக, நிலத்துக்கு மட்டும் 5 கோடியே 4 லட்சம். நிலப்பரப்பைப் போல் இரண்டு மடங்கு கட்டலாம் என்பது விதி. 14,400 சதுர அடியில், பொது இடமும் சேர்த்து ஒன்றுக்கு 600 என்று வைத்தால் 24 வீடுகள். ஒரு செங்கல் வைப்பதற்குள் ஒவ்வொரு வீட்டின் தலையிலும் 21 லட்சம் ஏறிவிட்டது. கட்டுமானச் செலவைச் சதுர அடிக்கு 2,300 என்று இழுத்துப் பிடித்தாலும் 13 லட்சத்து 80 ஆயிரம். நீங்கள் கேட்ட முப்பது லட்சம் இங்கேயே தாண்டிப் போய்விட்டது. இதற்கு மேல் அனுமதிக் கட்டணங்கள், மின் இணைப்பு, லிஃப்ட், வட்டி, என் லாபம். எல்லாம் சேர்த்து 42 லட்சம். ஆமாம், லாபமும் உண்டு. நான் சத்திரம் நடத்தவில்லை.

இதைக் குறைக்க ஒரு வழி இருந்தது. சாலை ஒன்பது மீட்டர் அகலமாவது இருந்தால், அரசு நிலத்துக்கு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பின்படி கட்டணம் செலுத்திக் கூடுதல் பரப்பு கட்டிக்கொள்ளலாம். பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. என்பார்கள். 24 வீடு 31 ஆகியிருக்கும். அதே நிலத்தின் விலை 31 பேருக்குப் பிரிந்திருக்கும். கட்டணம் போக, வீட்டுக்கு இரண்டு லட்சமாவது இறங்கியிருக்கும். எங்கள் தெரு, மனைப்பிரிவு வரைபடத்தில் முப்பதடிச் சாலை. அதாவது 9.14 மீட்டர். போதும்தானே?

போதாது. எதிர்வீட்டுக்காரர் கார் ஏறுவதற்கான சரிவைத் தெருவுக்குள் நீட்டியிருக்கிறார். அவருக்கு அடுத்த வீட்டில் படிக்கட்டே தெருவில்தான் தொடங்குகிறது. முனையில் ஒரு பிள்ளையார். வேப்பமரத்தடியில் வெயில் மழை பார்க்காமல் உட்கார்ந்திருந்தவருக்கு இப்போது கிரானைட் மேடை, இரும்புக் கிராதி, உண்டியல். அளக்க வந்தவர் நாடாவை எங்கே பிடித்தார் தெரியுமா? பிள்ளையாரின் கிராதியில். 8.7 மீட்டர் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். தெருவை விழுங்கியவர்களில் ஒருவருக்காவது நோட்டீஸ் வந்ததா என்றால், இல்லை. தண்டனை எனக்கு. எனக்குக்கூட இல்லை, வீடு வாங்க வருகிறவருக்கு.

குறை சொல்வதென்றால் மொத்தமாகச் சொல்லித் தொலைக்கக் கூடாதா? முதல் முறை, மழைநீர் சேகரிப்புத் தொட்டி வரைபடத்தில் தெளிவாக இல்லை என்றார்கள். இரண்டாம் முறை, பட்டாவில் இருக்கும் முன்னெழுத்து கிரையப் பத்திரத்தோடு பொருந்தவில்லை என்றார்கள். மூன்றாம் முறை, சாலை. மூன்றும் முதல் நாளே கண்ணில் பட்டிருக்காதா? ஏழு மாதம் போய்விட்டது. மனை வாங்க எங்களுக்கு வங்கி கடன் தராது. பாதி என் பணம், மீதி இரண்டரைக் கோடி வெளியில் ஒன்றரை வட்டிக்கு வாங்கியது. மாதம் 3 லட்சத்து 75 ஆயிரம் வட்டி. 24 வீட்டுக்குப் பிரித்தால், ஒரு மாதத் தாமதம் ஒவ்வொரு வீட்டின் விலையிலும் 15,600 ரூபாய். ஏழு மாதத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. யாருக்கும் பயன்படாத, ரசீதும் இல்லாத ஒரு லட்சம்.

விதியே வேண்டாம் என்று சொல்ல நான் மடையன் இல்லை. 2014-இல் மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்தார்கள். அஸ்திவாரத்தைத் தோண்டிப் பாருங்கள், கம்பியை எண்ணிப் பாருங்கள், நான் பக்கத்தில் நின்று நாற்காலி போடுகிறேன். முன்னெழுத்துக்கு ஏன் இரண்டு மாதம்?

பக்கத்து மனையில் ஒருவர் தனி வீடு கட்டுகிறார். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டினால் சுயசான்று கொடுத்து உடனே அனுமதி பெறலாம் என்று 2024-இல் அரசு திட்டம் கொண்டுவந்தது. நல்ல திட்டம், குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் குடும்பத்தில் மூன்று பேர்; அனுமதி உடனே. என் கோப்பில் 24 குடும்பங்கள், அது அலமாரியில்.

இந்த வரம்புகளையும் பாருங்கள். சென்னையில் கார்பெட் பரப்பு, அதாவது சுவர்களுக்குள் புழங்கும் இடம், 60 சதுர மீட்டருக்குள்ளும் விலை 45 லட்சத்துக்குள்ளும் இருந்தால் அது மலிவு வீடு, ஜி.எஸ்.டி. ஒரு சதவீதம். ஒரு ரூபாய் தாண்டினாலும் ஐந்து. அந்த 45 லட்சம் 2019-இல் போட்ட கோடு. அதற்குப் பிறகு மனை ஏறியது, எம்-சாண்ட் ஏறியது, கொத்தனார் கூலி ஏறியது. கோடு மட்டும் அங்கேயே நிற்கிறது. பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் புதிய வட்டி மானியத்துக்கோ வீட்டின் விலை 35 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். என் 42 லட்ச வீடு வரித்துறைக்கு மலிவு, மானியம் கொடுப்பவர்களுக்கு ஆடம்பரம். இதில் பத்திரப் பதிவுக்கு ஆறு சதவீதம், இரண்டரை லட்சம் தனி.

போன தீபாவளிக்கு முன் ஒரு தனியார் பள்ளி ஆசிரியை கணவரோடு வந்தார். மாதத் தவணை இருபதாயிரம் வரை கட்ட முடியும் என்றார். எட்டரை சதவீத வட்டியில் இருபது வருடத்துக்கு அதற்கு 23 லட்சம்தான் கடன் கிடைக்கும். தாளில் எழுதிக் காட்டினேன். சற்று நேரம் தாளையே பார்த்துவிட்டு, "லிஃப்ட் இல்லாவிட்டால் குறையுமா சார்? நாங்கள் நாலு மாடியும் ஏறிவிடுவோம்" என்றார். அனுமதி வரட்டும் அம்மா, இரண்டு மூன்று லட்சமாவது குறைத்துப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. நம்பிக்கையில் சொன்ன வார்த்தை அது.

நேற்று வரைபடத்தை மாற்றச் சொல்லிவிட்டேன். 24 வீடு இனி 12 வீடு. மூன்று படுக்கையறை, 1,200 சதுர அடி, 80 லட்சத்துக்கு மேல். பாதிச் சமையலறை, பாதிக் குழாய் வேலை, பாதித் தலைவலி. வெளிநாட்டில் இருப்பவர்கள் நாலு பேர் தயாராக இருக்கிறார்கள் என்று தரகர் இப்போதே குதிக்கிறார். அவர்கள் குடிவரப் போவதில்லை, பூட்டி வைக்கப் போகிறார்கள். 2011 கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் ஆளில்லாமல் கிடந்த வீடுகள் 1.1 கோடி. மறு வருடம் மத்திய அரசின் நிபுணர் குழு சொன்ன நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறை 1.88 கோடி, அதில் நூற்றுக்கு 96 ஏழைகளுக்கும் குறைந்த வருவாய்க்காரர்களுக்கும். என் பங்குக்கு முதல் கணக்கில் நாலைந்து சேர்க்கப் போகிறேன்.

ஆசிரியை இந்த வாரம் இரண்டு முறை அழைத்தார். நான் எடுக்கவில்லை.