பால்மா டின் அன்டெனா: கம்பியைச் சுருட்டினால் 4ஜி வராது

"பால்மா டின் அன்டெனாவின் செப்புக்கம்பியை ஸ்பிரிங் மாதிரி சுருட்டுங்கள், லயத்துக்குள்ளேயே (தோட்ட வரிசை வீட்டுக்குள்ளேயே) 4ஜி மும்மடங்கு வேகத்தில் கிடைக்கும்" என்று மலையகத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு. நம்பி யாரும் காசைக் கொட்ட வேண்டாம்.

பால்மா டின் அன்டெனா என்பது, காலி டின்னுக்குள் ஒரு செப்புக்கம்பியைப் பொருத்தி வைஃபை அலையைப் பிடிக்கும் கைவேலை. அலையைத் திரட்டுவது டின்னின் வாய்தான். திரட்டியதைக் கேபிளுக்குள் இறக்குவது மட்டுமே கம்பியின் வேலை. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் அலைநீளம் சுமார் 12.3 செ.மீ. அதில் கால்பங்கு, அதாவது 31 மி.மீ. நேர்க்கம்பி போதும். 9 செ.மீ. அகல டின் என்றால், மூடிய அடியிலிருந்து சுமார் 5 செ.மீ. தள்ளித் துளையிட்டுப் பொருத்தலாம்.

வடிவத்துக்குப் பலனே இல்லையா? இருக்கிறது. கம்பியைத் தடிப்பாக்கினாலோ கூம்பாக்கினாலோ, அது பொருந்தி வேலை செய்யும் அலைவரிசை அகலும். அதைச் செய்து பார்ப்பது நல்ல பரிசோதனை. ஆனால் கம்பியும் கேபிளும் எவ்வளவு பொருந்துகின்றன என்று காட்டும் நிலையலை விகிதம் (1 என்றால் முழுப் பொருத்தம்) 2 என்ற சுமாரான அளவில் இருந்தால்கூடத் திரும்பிப் போவது 11 சதவீத சக்திதான். எப்படி வளைத்தாலும் மீட்கக்கூடியது அவ்வளவே. மும்மடங்குக்கு இடமே இல்லை. அதே 31 மி.மீ. கம்பியைச் சுருட்டினால் ஒத்ததிர்வு, அதாவது கம்பி நன்றாக வேலை செய்யும் அதிர்வெண், மேலே நகர்ந்து, இருந்த பொருத்தமும் கெடும்.

4ஜி கதை இன்னும் மோசம். 9 செ.மீ. டின்னுக்குள் சுமார் 1.95 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழான அலை பயணிக்காது. இலங்கையில் 4ஜி பரவலாக ஓடும் 1800 மெகாஹெர்ட்ஸ் அதற்கும் கீழே.

சரி, வைஃபைக்காவது செய்து பார்க்க விரும்பினால், கம்பி ரவுட்டர் அன்டெனாவுக்கு இணையாக நிற்கும்படி டின்னைத் திருப்புங்கள். கேபிளைக் குட்டையாக வையுங்கள். நடுவில் மலைமுகடு மறித்தால் இடத்தை மாற்றுங்கள்.