பொங்கல் பானைக்குள் இருக்கும் கெடா

2024 ஜனவரி 10ஆம் தேதி, மலேசியாவின் பினாங்கில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டில் தண்ணீர் நின்றது. சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் பழுதான வால்வுகளை மாற்றும் வேலை, நான்கு நாள் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். வாளி, அண்டா, பழைய பிஸ்கட் டின் வரை நிரப்பி வைத்தோம். இரண்டாம் நாளே பாதி காலி. கீழே தண்ணீர் லோரி வந்தால் ஆளுக்கு இரண்டு வாளியோடு லிஃப்டுக்கு வரிசை. நாங்கள் இருப்பது பதினான்காவது மாடி. 15ஆம் தேதி பொங்கல்.

அந்த நாட்களில் அம்மா செய்ததை இன்னும் மறக்க முடியவில்லை. அரிசி களைந்த தண்ணீரை ஒரு சட்டியில் பிடித்தார். அதிலேயே கீரையை அலசினார். சாப்பிட்ட தட்டுகளுக்கு முதல் அலசலும் அதில்தான். மிச்சம் கக்கூஸ் வாளிக்குப் போனது. தோட்டத்துப் பொதுக் குழாயில் வரிசை பிடித்து வளர்ந்தவர். "உங்களுக்குக் குழாயைத் திறந்தா தண்ணி வரும்னு மட்டும்தான் தெரியும்" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உண்மைதானே.

எங்கிருந்து வருகிறது என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன். பினாங்கின் தண்ணீரில் சுமார் 80 விழுக்காடு மூடா ஆற்றிலிருந்து வருகிறது. அந்த ஆறு பிறப்பது பக்கத்து மாநிலமான கெடாவின் உலு மூடா காட்டில், ஏறக்குறைய 160,000 ஹெக்டேர் காடு அது. கீழே வரும்போது இரண்டு மாநிலங்களுக்கும் எல்லையாக ஓடுகிறது. அங்கே இறைத்து, சுங்கை டுவாவில் சுத்தம் செய்து, கடலுக்கடியில் போட்ட குழாய் வழியாகத் தீவுக்கு அனுப்புகிறார்கள். வழியெல்லாம் பம்பு, எங்கள் மாடிக்கு ஏற்ற இன்னொரு பம்பு. பல் தேய்க்கும்போது சும்மா திறந்துவிடுகிறோமே, அதில் மின்சாரமும் சேர்ந்துதான் சாக்கடைக்குப் போகிறது.

அரிசிக்கும் அதே காடுதான். மூடா அணையில் சேரும் தண்ணீரைச் சுரங்கம் வழியாகப் பெடு அணைக்குத் திருப்பி, அங்கிருந்து கெடா, பெர்லிஸ் வயல்களுக்கு விடுகிறார்கள். சுமார் ஒரு லட்சம் ஹெக்டேர் வயல். 1970 வாக்கில் இந்த அணைகள் வந்த பிறகுதான் அங்கே வருடத்துக்கு இரண்டு போகம். ஆக, எங்கள் பொங்கல் பானையில் பொங்கிய அரிசியும் தண்ணீரும் ஒரே மலையில் பெய்த மழையாக இருக்கலாம். மழை பொய்த்தால் உழவரும் நாமும் ஒரே காட்டைத்தான் அண்ணாந்து பார்க்க வேண்டும்.

2023 நினைவிருக்கிறதா? ஜூலையில் இந்தியா வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. இறக்குமதி அரிசி விலை ஏறியது. எல்லோரும் 26 ரிங்கிட் உள்ளூர் அரிசிக்குப் பாய்ந்தோம், 10 கிலோ பாக்கெட் கடைகளில் கண்ணில் படவே இல்லை. நாமே விளைவிக்க வேண்டும் என்று அப்போது எல்லோரும் எழுதினோம், நானும்தான். எந்தத் தண்ணீரில் என்று யாரும் கேட்கவில்லை.

மூடா ஆற்றுத் தண்ணீருக்கு வருடம் 50 மில்லியன் ரிங்கிட் வேண்டும் என்று கெடா கேட்டபோது இங்கே பெரும் கோபம். ஆறு நம் எல்லையிலும் ஓடுகிறது, எதற்குக் காசு என்றார்கள். சட்டப்படி அது சரியாகவே இருக்கட்டும். ஆனால் மரத்தை வெட்டினால் கெடாவுக்கு வருமானம், வெட்டாமல் விட்டால் நமக்குத் தண்ணீர். இந்தக் கணக்கு எத்தனை நாள் தாங்கும்? தண்ணீருக்கு விலையாக வேண்டாம், காட்டைக் காக்கும் கூலியாகக் கொடுக்கலாம். மரம் நின்றால்தான் பணம் என்று நிபந்தனை போட்டு, மத்திய அரசும் தன் பங்கைச் சேர்த்து. இப்படிச் சொன்னதற்கு நண்பர்கள் சிலர் என்னோடு சண்டைக்கே வந்தார்கள். பரவாயில்லை.

நம் பக்கமும் பார்க்க வேண்டும். வீட்டு உபயோகத்தில் நாட்டிலேயே ஆளுக்கு அதிகம் தண்ணீர் செலவழிக்கும் மாநிலங்களின் வரிசையில் பினாங்குதான் முன்னால். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 280 லிட்டர். 2024 பிப்ரவரியில் தீபகற்பத்தில் வீட்டுக் கட்டணம் சராசரியாக ஆயிரம் லிட்டருக்கு 22 சென் ஏறியதற்கே அவ்வளவு புலம்பல். ஏழை வீட்டுக்குத் தேவையான அளவு மலிவாகவே இருக்கட்டும், அதில் கை வைக்கக் கூடாது. அதற்கு மேல் காரையும் வாசலையும் ஹோஸ் பிடித்துக் கழுவுகிறவர்களுக்கு விலை உறைக்க வேண்டும். பம்புக்கு ஆகும் மின்சாரமும் அவர்கள் பில்லில் தெரிய வேண்டும்.

எங்கள் ஃபிளாட் மொட்டைமாடியில் விழும் மழை அத்தனையும் நேராகக் கால்வாய்க்குப் போகிறது. ஒரு தொட்டி வைத்துப் பிடித்தால் பொதுக் கழிப்பறைக்கும் வாசல் கழுவவும் ஆகும். நிர்வாகக் குழுவில் இரண்டு முறை கேட்டேன், செலவு என்றார்கள். இந்த முறை அந்த நான்கு நாள் எடுத்த லிஃப்டு வரிசைப் படங்களைக் கையோடு கொண்டுபோகிறேன். அம்மாவும் வருகிறேன் என்கிறார்.