104 டிகிரி காய்ச்சலை 37 ஆக்கிவிடும் குறுக்குவழி

பாரன்ஹீட் அளவில் 30-ஐக் கழித்துப் பாதியாக்கினால் செல்சியஸ் கிடைத்துவிடும், காய்ச்சல் பார்க்கவும் இதுவே போதும் என்றொரு குறிப்பு கைக்குக் கை பரவுகிறது. இது தவறு. குழந்தை இருக்கும் வீட்டில் ஆபத்தும்கூட.

தெர்மாமீட்டர் 104 காட்டுகிறது என்று வையுங்கள். குறுக்குவழியில் 37 வரும். காய்ச்சலே இல்லை என்று குழந்தையைத் தூங்க வைத்துவிடுவீர்கள். உண்மையில் 32-ஐக் கழிக்க வேண்டும்: மீதி 72. அதை 5-ஆல் பெருக்கினால் 360, 9-ஆல் வகுத்தால் 40. கடும் காய்ச்சல்!

குறுக்குவழி துல்லியமாகப் பொருந்துவது 50 பாரன்ஹீட்டில் மட்டுமே. அங்கே இரு கணக்கிலும் 10 செல்சியஸ். அதிலிருந்து விலக விலகப் பிழை பெருகும். வானிலைக்கு உத்தேசமாக வைத்துக்கொள்ளலாம், உடல் சூட்டுக்கு வேண்டவே வேண்டாம். 100.4 என்றாலே 38 செல்சியஸ். மூன்று மாதம் நிறையாத குழந்தையை உடனே மருத்துவரிடம் தூக்கிச் செல்ல அதுவே போதும்.