நெற்றியைப் பார்க்காதீர்கள், கணக்கைப் பாருங்கள்

அந்தப் படத்தைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்று நான்கு நாட்களாக அடக்கிக்கொண்டிருந்தேன். நேற்றிரவு என் பழைய மாணவன் ஒருவன் அதை எனக்கே அனுப்பி, "சார், இதற்கு ஏதாவது பதில் சொல்லுங்கள்" என்று கேட்டான். அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை.

எந்தப் படம் என்று உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். 2025 செப்டம்பர் 7, சந்திர கிரகணத்து இரவு. பள்ளி மொட்டை மாடியில் தொலைநோக்கிக்குப் பக்கத்தில் நான் நிற்கிறேன். நெற்றியில் திருநீறு. அதற்கு மேலே ஒரே ஒரு வரி: "பட்டை போட்டவரிடம் பிள்ளைகள் என்ன அறிவியல் கற்கப்போகிறார்கள்?" கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். சிரித்தவர்களில் என்னிடம் படித்தவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். பெயர் சொல்ல மாட்டேன். பார்த்தேன் என்பதை மட்டும் அவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

அந்த இரவு மாடியில் நடந்தது எதுவும் அந்தப் படத்தில் இல்லை. மேகம் விட்டு விட்டு மறைத்தது. பதினொரு மணிக்கு நிலவு முழுதாகப் பூமியின் நிழலுக்குள் போனது. 82 நிமிடம் அப்படியே இருந்தது. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "நிழல் என்றால் கறுப்பாகத்தானே இருக்க வேண்டும், ஏன் சிவப்பாக இருக்கிறது?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. நம் காற்று மண்டலத்தைத் தொட்டு வளைந்து வரும் வெயிலில் நீலம் வழியிலேயே சிதறிவிடும், மிஞ்சிய சிவப்புதான் நிலவில் போய் விழுகிறது என்று தண்ணீரில் இரண்டு சொட்டுப் பால் விட்டு, டார்ச் அடித்துக் காட்டினேன். பிறகு எல்லோருக்கும் சுண்டல் கொடுத்தோம். கிரகணம் நடந்துகொண்டிருக்கும்போதே கொடுத்தோம். வேண்டுமென்றேதான் அந்த நேரத்தில் கொடுத்தேன்.

அதனால் மறுநாள் வேறொரு பக்கமிருந்தும் கிடைத்தது. "கிரகண வேளையில் பிள்ளைகளைச் சாப்பிட வைத்தவரெல்லாம் ஒரு சிவபக்தரா?" என்று ஒரு பெற்றோர் எழுதியிருந்தார். திருநீறு வைத்ததற்கு ஒரு பக்கம் அடி, சுண்டல் கொடுத்ததற்கு இன்னொரு பக்கம் அடி. இரண்டு பேருமே என் நெற்றியைத்தான் பார்த்தார்கள். நான் பிள்ளைகளிடம் என்ன சொன்னேன் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஒருவர் அறிவியல் மனத்தோடு இருக்கிறாரா என்பதை அவர் நெற்றியையோ கழுத்தையோ தலையையோ பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. தன் நம்பிக்கைக்கு எதிராக ஓர் அளவீடு வந்து நிற்கும்போது அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். அளவீட்டை ஏற்கிறாரா, மறைக்கிறாரா? அது போதும்.

சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்று ஒருவர் இருந்தார். சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்தவர். பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். 1867இல் ஒளி கூடிக் குறையும் ஒரு விண்மீனைக் கண்டறிந்தார். 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தை வனபர்த்திக்குப் போய்ப் பதிவு செய்தார். 1872இல் லண்டன் ராயல் வானியல் கழகம் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. இத்தனைக்கும் பிறகு அவர் பஞ்சாங்கத்தைக் கிழித்துப் போடவில்லை. பழைய வாய்பாட்டை வைத்துக் கணித்தால் கிரகம் சொன்ன இடத்தில் இருப்பதில்லை, கண்ணால் பார்த்த கணக்கை வைத்துத் திருத்துங்கள் என்று தன் சமூகத்தோடு மல்லுக்கு நின்றார். திருத்திய பஞ்சாங்கத்தைத் தானே வெளியிட்டார். அவரை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்? எனக்கு அவரை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது. நம் பாடப் புத்தகத்தில் அவர் பெயரைத் தேடிப் பாருங்கள், அந்த வருத்தம் வேறு.

அவர் கேட்டது இன்னும் முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். திருத்திய கணக்கில் போடும் திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனி கும்ப ராசிக்கு வந்தது 2023 ஜனவரி 17. பழைய வாய்பாட்டில் போடும் வாக்கியப் பஞ்சாங்கப்படி திருநள்ளாற்றில் பெயர்ச்சி நடந்தது அதே ஆண்டு டிசம்பர் 20. பதினோரு மாத இடைவெளி. வானத்தில் சனி ஒன்றுதான் இருக்கிறது. என் சொந்தக்காரர்கள் இரண்டு நாளிலும் எள் தீபம் ஏற்றினார்கள். நான் அவர்களைத் தொலைநோக்கி முன்னால் நிறுத்தி வளையத்தோடு சனியைக் காட்டினேன். பெரியம்மா கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்டுவிட்டு, "எந்தத் தேதி சரி?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவர் வாயிலிருந்து வரவழைத்ததை என் வாழ்நாளில் நான் செய்த நல்ல பாடங்களில் ஒன்றாக நினைக்கிறேன்.

வெளிநாட்டு உதாரணம் வேண்டும் என்பவர்களுக்கு லெமேத்தர் இருக்கிறார். பெல்ஜியத்துக் கத்தோலிக்கப் பாதிரியார். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இல் எழுதியவர். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அந்தக் கொள்கையைக் கடவுளின் படைப்புக்குச் சான்று போலப் பேசியபோது, மகிழ்ந்திருக்க வேண்டியவர் சங்கடப்பட்டார். என் இயற்பியலில் சமயத்தைக் கலக்காதீர்கள் என்ற நிலையில் உறுதியாக நின்றார். பூசை செய்கிற கைதான், கணக்கையும் போட்டது. 1919இல் ஐன்ஸ்டைன் சொன்னபடி சூரியனருகே ஒளி வளைகிறதா என்று பார்க்க ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் உள்ள பிரின்சிப் தீவுக்குப் போன ஆங்கில வானியலாளர் எடிங்டனும் குவேக்கர் என்ற கிறித்துவப் பிரிவில் ஆழ்ந்த பற்றுள்ளவர்தான்.

"நீங்கள் பெயர்களை அடுக்குகிறீர்கள், நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் சந்திரசேகர் நாத்திகராயிற்றே" என்பீர்கள். ஆமாம், நாத்திகர். அதனால் என்ன? அவர் நாத்திகர் என்பதற்காக, வெண்குள்ள விண்மீனின் நிறைக்கு அவர் கணித்த உச்ச வரம்பான "சந்திரசேகர் எல்லை" பிழையாகாது, சரியாகவும் ஆகாது. அதைத்தானே நானும் சொல்கிறேன்! நெற்றியை விட்டுவிட்டுக் கணக்கைப் பாருங்கள்.

"மற்ற எல்லாவற்றுக்கும் சான்று கேட்கிறீர்கள், கடவுளுக்கு மட்டும் ஏன் கேட்பதில்லை?" என்று நண்பர் ஒருவர் உள்பெட்டியில் கேட்டார். கேட்கலாம். என் கடவுளை நான் யாருக்கும் சான்றாகக் காட்டவில்லை, எந்தத் தேர்வுத்தாளிலும் அவரை விடையாக எழுதச் சொல்லவில்லை. இப்போதைக்கு இதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

ஆனால் இன்னொரு கேள்வி இருக்கிறது. அதுதான் என்னை உண்மையில் குத்துகிறது. "இயற்பியல் வாத்தியாரே கும்பிடுகிறார் என்று சொல்லித்தான் மூடநம்பிக்கை வளர்கிறது." இதை எளிதாகத் தள்ள என்னால் முடியாது. காரணம் சொல்கிறேன்.

1995 அக்டோபர் 24, தீபாவளிக்கு மறுநாள், சூரிய கிரகணம். வடக்கே முழுமையாக, நம் ஊரில் பாதியளவு. அக்கா ஏழு மாதக் கர்ப்பிணி. விடிவதற்கு முன்பே அவளை இருட்டறைக்குள் படுக்க வைத்து, சன்னலில் போர்வை கட்டினார்கள். தண்ணீர் கூடாது, கை கால் அசைக்கக் கூடாது. நான் அப்போது எம்.எஸ்சி. இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். நிழல் கருப்பைக்குள் நுழையாது என்று எனக்குத் தெரியும். வெளியே அட்டையில் ஊசித் துளை போட்டுப் பிறைச் சூரியனைச் சுவரில் விழவைத்துத் தெருப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே அக்கா மயங்கிவிட்டாள். அம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் இருந்தேன். குழந்தை நன்றாகப் பிறந்தது, இன்று பெரியவளாகிவிட்டாள். அதனால் என் மௌனம் சரியாகிவிடாது.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கிரகணத்தன்றும் நான் வீட்டுக்குள் இருந்ததில்லை. 2019 டிசம்பர் 26 அன்று, திண்டுக்கல்லில் சூரியன் மோதிரமாக நின்ற காலையில், எங்கள் தெருவில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் வீட்டுக்குப் போய் அவள் மாமியாரிடம் அரை மணி நேரம் பேசினேன். "அம்மா, நானும் சாமி கும்பிடுகிறவன்தான். சொல்கிறேன், இவளுக்குத் தண்ணீர் கொடுங்கள்." கொடுத்தார். திருநீறு இல்லாமல் போயிருந்தால் வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் அந்த வாசலில் நின்று பார்த்திருக்கிறார்களா? பெரியார் நின்றார். கல்லடியும் செருப்படியும் வாங்கிக்கொண்டு ஊர் ஊராக நின்றார், அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. அறையில் உட்கார்ந்துகொண்டு ஒரு வாத்தியாரின் நெற்றிக்குச் சிரிப்புப் பொம்மை வைப்பது அந்த உழைப்பில் சேராது.

என் பக்கத்து ஆட்களையும் விட மாட்டேன். வேத காலத்தில் விமானம் பறந்தது என்று 2015இல் மும்பை அறிவியல் மாநாட்டு மேடையிலேயே பேசினார்கள். அவர்கள் ஆதாரமாகப் பிடித்துக்கொண்ட நூல் இருபதாம் நூற்றாண்டில் எழுதப்பட்டது, அதில் வரைந்த வண்டிகள் பறக்கவே முடியாதவை என்று பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தினர் 1974லேயே ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். பொய்யைச் சொல்லித்தான் என் சாமியைக் காப்பாற்ற வேண்டுமென்றால், அந்தக் காப்பு எனக்கு வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லவா? சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அப்பாவுக்கு இதய பைபாஸ் அறுவை நடந்த அன்று, பிரார்த்தனையைப் பற்றி அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு எனக்கு நன்றாகத் தெரியும். 2006இல் வெளிவந்தது. 1,802 பைபாஸ் நோயாளிகள். அவர்களுக்காக அயலார் செய்த பிரார்த்தனையால் பலன் தெரியவில்லை. தமக்காகப் பிரார்த்திக்கிறார்கள் என்று தெரிந்திருந்தவர்களுக்குச் சிக்கல் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. இந்த ஆய்வைப் பதினொன்றாம் வகுப்பில், சோதனையை எப்படி அமைக்க வேண்டும் என்று காட்ட நானே கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அன்று ஆறு மணி நேரம் அறுவைக்கூடத்துக்கு வெளியே உட்கார்ந்து பஞ்சாட்சரம்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது வேலை செய்யும் என்று கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. வேறு எப்படி அந்த ஆறு மணி நேரத்தை உட்கார்ந்து கடப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கதவு திறந்ததும் மருத்துவரின் கையைத்தான் முதலில் பிடித்தேன். அந்த நேரத்திலும் என் நெற்றியில் இதே திருநீறு இருந்தது. அதற்கும் சிரிப்பீர்களா?

சிரித்த மூன்று பேருக்கும் சொல்கிறேன். 2026 மார்ச் 3, மாலை, சந்திர கிரகணம். அன்று நம் ஊரில் நிலவு உதிக்கும்போதே நிழல் பட்டிருக்கும். அரை மணி நேரம்கூட இருக்காது, ஏழு மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும். கிழக்குப் பக்கம் தென்னை மறைக்கும், அதனால் ஆறு மணிக்கே மாடிக்கு வந்துவிட வேண்டும். தொலைநோக்கியைத் தூக்கி ஏற்ற எனக்கு இப்போது தனியாக முடிவதில்லை, இரண்டு பேர் வேண்டும்.