கிளீனிங் செய்தால் பல் ஆடுமா?

"டாக்டரிடம் கிளீனிங் செய்தால் பல் ஆட ஆரம்பித்துவிடும், உப்பும் கரித்தூளும் போட்டுத் தேய்த்தாலே போதும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு.

கீழ்வரிசை முன்பற்களின் உள்பக்கத்தை நாக்கால் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தால் அது பெரும்பாலும் காரைதான், அதாவது பல்லில் இறுகிப்போன அழுக்கு. எச்சில் சுரந்து வரும் துளை அங்கேதான் இருக்கிறது. எச்சிலில் உள்ள கால்சியம் பல்லில் படிந்த அழுக்கை இறுக வைத்துவிடும். அப்புறம் எந்தப் பிரஷ்ஷாலும் அது போகாது. காரை ஈறுக்கடியில் இறங்கினால் ஈறு வீங்கும், ரத்தம் கசியும், நாளடைவில் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பும் கரையும். பல் ஆடுவது அதனால்தான். அதுவரை காரை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கும்; எடுத்ததும் ஆட்டம் தெரிய வரும், பழி கிளீனிங் மேல் விழும். சில நாள் கூச்சம் இருக்கும், உண்மைதான். பெரும்பாலும் தானே குறையும்.

கரித்தூள் பல்லின் மேலுறையான எனாமலைத் தேய்க்கும், தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. மென்மையான பிரஷ், ஃபுளோரைடு பேஸ்ட், காலையும் இரவும் 2 நிமிடம். ரத்தம் வருகிறதே என்று துலக்குவதை நிறுத்த வேண்டாம். பிரஷ்ஷை ஈறோரமாகச் சாய்த்து மெதுவாகத் துலக்குங்கள். 2 வாரத்தில் ரத்தம் நிற்கவில்லையென்றால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.